கணுக்காலில் தொடங்கும் கடல்

வசந்தாமணி தனியாக ஐரோப்பா போகிறாள் என்ற செய்தி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் அவள் குடியிருந்த தெருவில் ஒரு வாரம் ஓடியது. ஐம்பத்து நாலு வயது. கீமோ முடிந்து ஐந்து மாதம். தலையில் முடி இப்போதுதான் பள்ளிக்கூடப் பையனுக்கு வெட்டிவிட்ட அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, போர்ச்சுகல், ஸ்பெயின் என்று மூன்று வாரம் சுற்றப் போகிறாளாம். கேட்டவர்கள் முதலில் "வெரி நைஸ் ஆன்ட்டி" என்றார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குள் போய், "அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் ஏதாச்சும் சண்டையா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்துக்கொண்டார்கள்.

சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. அவள் கணவர் நஞ்சப்பனுக்குச் சண்டை போடத் தெரியாது, எக்செல் போடத்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக அவர்கள் போன எல்லாப் பயணத்துக்கும் ஒரு எக்செல் ஷீட் உண்டு. நான்கு குடும்பம், இரண்டு வேன், ஒரு ரைஸ் குக்கர், காலை ஏழரைக்குப் புறப்பாடு, எட்டு ஐம்பதுக்கு ரெஸ்ட்ரூம். கிராண்ட் கேன்யனை வசந்தாமணி பார்த்தது மடியில் எலுமிச்சைச் சாத டப்பாவை வைத்துக்கொண்டுதான். நயாகரா என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது அன்றைக்குத் தயிர் புளித்துப்போனது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, சோறு கட்டிக்கொண்டு போனதால்தான் பிள்ளைகள் பசியில்லாமல் இருந்தார்கள். ஆனாலும் பள்ளத்தாக்கு தனியாகவும் சோறு தனியாகவும் இருந்திருக்கலாமோ என்று காலம் போன பிறகு அவளுக்குத் தோன்றியது.

தனியாகப் போகும் யோசனை கீமோ நாற்காலியில் வந்தது. வாரம் ஒரு நாள், நான்கு மணி நேரம், கையில் ஊசியோடு சாய்ந்து கிடக்க வேண்டும். பக்கத்தில் நஞ்சப்பன் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். அவள் கைப்பேசியில் எதையாவது ஓடவிட்டுப் பார்ப்பாள். அதில் ஒரு வீடியோ. அறுபது வயதிருக்கும் ஒரு பெண், ஒரே ஒரு பையோடு, ஏதோ ஒரு பழைய ஊரில் கல் பாவிய சந்தில் ஏறிப் போகிறாள். பின்னால் யாரும் இல்லை. அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. வசந்தாமணி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

எட்டு மாதமாக அவளே ஒரு பார்சலாகத்தான் இருந்தாள். காரில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். மார்பில் இருந்த கட்டியை எடுத்தார்கள், மருந்தை ஏற்றினார்கள். கடைசியில் ஒரு நாள் டாக்டர் வந்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். நஞ்சப்பன் அங்கேயே குலுங்கி அழுதார். அவள், "பார்க்கிங் டிக்கெட் உங்ககிட்டயா இருக்குது, எங்கிட்டயா?" என்று கேட்டாள். சந்தோஷம் வரும் என்று வீடு வரும்வரை காத்திருந்தாள். வரவில்லை. அப்புறம் அதற்காகக் காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

மனசு மரத்துப்போனது யாருக்கும் தெரியாது, அது அவள் சொந்த விஷயம். ஆனால் பாதமும் மரத்துப்போயிருந்தது. கீமோ மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். டிசம்பரில் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் ஆரம்பித்து, கைவிரல்களில் தானாகவே விலகிவிட்டது. காலில் விலகவில்லை. இரண்டு பாதமும் யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் நர்ஸ் கேட்பாள், மரப்பு எப்படி இருக்கிறது என்று. ஒரு தடவை சேர்த்துச் சொன்னாள்: பெடல் தெரியவில்லையென்றால் கார் ஓட்டக் கூடாது. அன்றைக்கு வசந்தாமணி சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் போயிருச்சு" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் பொய் சொன்னாள் என்பது ஃபிரிஸ்கோவில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். கொத்துமல்லி வாங்க வேண்டுமானாலும் கார், அனுமாரைக் கும்பிட வேண்டுமானாலும் கார். சாவியைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் பார்சல்தான். காலே தெரியாதவளை ஐரோப்பாவுக்குத் தனியாக எவன் அனுப்புவான்? நஞ்சப்பனுக்குத் தெரிந்தால் மறு நிமிடமே எக்செல்லைத் திறந்துவிடுவார்.

அதனால் ஓட்டினாள். காலை நம்பி அல்ல, கண்ணையும் காதையும் நம்பி. இன்ஜின் சத்தத்தை வைத்து ஆக்ஸிலேட்டரைக் கணக்குப் பண்ணினாள். முழங்காலில் அழுத்தம் தெரியும், அதை வைத்து பிரேக்கை யூகித்தாள். கடைக்குப் போனாள், கோவிலுக்குப் போனாள். இதோடு நின்றிருந்தால் பாவம் அவளோடு போயிருக்கும்.

எதிர் வீட்டு ஸ்வர்ணாவின் மகள் ஓவியாவுக்கு ஒன்பது வயது. செவ்வாய்தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து ஊரான பிளானோவில் பரதநாட்டிய வகுப்பு. ஸ்வர்ணாவுக்கு அன்றைக்கு ஆபீசில் இருந்தாக வேண்டும். அவள் கணவன் கலிபோர்னியாவில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை வந்து போகிறவன். வசந்தாமணி கீமோவில் கிடந்த நாளெல்லாம் இந்த ஸ்வர்ணாதான் வாரா வாரம் மிளகு ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவந்து வைத்தாள். பிப்ரவரியில் அவள் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, நீங்க டிரைவ் பண்ண ஆரம்பிச்சிட்டீங்கன்னு அங்கிள் சொன்னாரு. டியூஸ்டே மட்டும் ஓவியாவ டிராப் பண்ணிடுவீங்களா? பிக்கப் நான் பண்ணிக்கறேன்" என்று கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருப்பதாக நினைத்தாள். வண்டி மெல்ல மெல்ல முன்னால் ஊர்ந்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, குறுக்குச் சாலையில் மூக்கை நீட்டிவிட்டது. ஒரு டிரக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் வளைந்து போனான். குனிந்து பார்த்தால், கால் பிரேக்கிலேயே இல்லை. வழுக்கிப் பக்கத்தில் கிடந்தது.

"வாட் ஹாப்பண்ட்?" என்று பின்சீட்டில் ஓவியா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"ஒன்னுமில்ல கண்ணு."

ஷூவின் மீது பழியைப் போட்டு, மெல்லிய அடி வைத்த துணி ஷூ ஒரு ஜோடி வாங்கினாள். அடுத்த செவ்வாயும் ஓட்டினாள்.

டிக்கெட் போட்டுவிட்டு நஞ்சப்பனிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ ஒருத்தியா போயி அங்க என்ன பண்ணுவே மணி?"

"பாத்துப்போட்டு வருவனுங்க."

"நானும் லீவு போடறேன். ஒரு மணி நேரத்துல ஷீட் ரெடி பண்ணீர்றேன்."

"ஷீட்டு வேண்டாமுங்க. எங்க புடிச்சிருக்குதோ அங்க ரெண்டு நாள் இருப்பேன். புடிக்கலீன்னா பஸ் ஏறீருவேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உடம்பு தாங்குமா? கால்ல அந்த மரப்பு மரப்புன்னு சொன்னியே?"

"அது அப்பவே போயிருச்சுங்க."

பே ஏரியாவில் இருந்த மகன் தீபக், "கோ ஃபார் இட் அம்மா" என்று ஒரு வரி அனுப்பினான். ஜூன் கடைசியில் அவள் விமானம் ஏறினாள்.

லிஸ்பனில் மஞ்சள் டிராம் மேடேறிப் போனது. வீடுகளின் சுவரெல்லாம் நீலப் பூப் போட்ட ஓடுகள். மாடிக்கு மாடி துணி காயப்போட்டிருந்தார்கள். வசந்தாமணி பிரமித்தாளா என்றால், இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான். படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டாள். ஈரோட்டிலிருந்து அக்காள், "மாப்பிள்ளை எங்கே, ரெண்டு பேரும் நிற்கிற மாதிரி போடு" என்று பதில் அனுப்பினாள். அதைப் பார்த்தும் அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆனால் ஒன்று பிடித்திருந்தது. காலையில் எழுந்தால் யாரும் அவளை எங்கும் கொண்டுபோகவில்லை. ரொட்டியும் காப்பியும் குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைத்துப் படியிறங்கினாள். அரை மணியில் போகிற இடத்துக்கு ஒன்றரை மணி ஆனது. ஆனால் ஆகட்டும்.

ஐந்தாம் நாள் ரயிலேறித் தெற்கே லாகோஸுக்குப் போனாள். செம்மண் நிறத்தில் பாறைகள் செங்குத்தாக நிற்க, அவற்றுக்கு அடியில் சின்னச் சின்னக் கடற்கரைகள். மரப்படிகளில் பின்பக்கமாக, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றாள். வெந்த மணல்தான், பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று குதித்துக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீரில் இறங்கினாள். அலை வந்து பாதத்தை மூடியது, தெரியவில்லை. இன்னும் ஓர் அடி போனாள். கணுக்காலில் சில்லென்று ஒரு வளையம் விழுந்தது. அவளுக்குக் கடல் அங்கேதான் தொடங்கியது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் வேறு யாருக்கோ சொந்தம்.

அங்கேயே மூன்று நாள் இருந்தாள். பிறகு பஸ் பிடித்து, உள்நாட்டில் ஈவோரா என்ற பழைய ஊருக்கு வந்தாள். ஊரைச் சுற்றிக் கோட்டை மதில், உள்ளே ரோமானியர் விட்டுப்போன தூண்கள், எங்கும் கருங்கல் பாவிய சந்துகள். நம் ஊர்ச் சித்திரை வெயில் அங்கே ஜூலையில் அடித்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் தெருவில் நாய்கூட இல்லை. வெள்ளையடித்த ஒரு சின்ன தேவாலயம் திறந்திருந்தது. வசந்தாமணி வாசலில் நின்று, சுவரோரமாக ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போக அந்தக் காலுக்குப் பழக்கமில்லை. உள்ளே இருந்த நாலைந்து பேரும் ஷூ போட்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் எதையும் வேண்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பக்கத்துக் கதவு திறந்திருக்கவே அதன் வழியாக வெளியேறி, விடுதியைப் பார்த்து நடந்தாள்.

ஷூ முன்வாசலில் கிடந்தது. கால் ஞாபகப்படுத்தவில்லை.

இருபத்தைந்து நிமிட நடை. பாதி வழியில், கதவைத் திறந்து வைத்திருந்த ஒரு கிழவி அவள் காலைக் காட்டிப் படபடவென்று என்னவோ சொன்னாள். வசந்தாமணிக்கு அந்தப் பாஷை தெரியாது. விரலில் கிடந்த மெட்டியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள், அமெரிக்காவிலும் வெள்ளைக்காரிகள் கேட்பார்கள். நின்று, வலது காலைச் சற்று நீட்டிக் காட்டி, "சில்வர்" என்றாள். கிழவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். வசந்தாமணி சிரித்துக் கையாட்டிவிட்டு மேலே நடந்தாள். விரலில் கிடந்த மெட்டி கண்ணில் படுகிறதென்றால் காலில் ஷூ இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெயில், களைப்பு. தோன்றவில்லை.

விடுதியின் தரை வெள்ளை ஓடு. மாடிப்படி ஏறி, மூக்குக்கண்ணாடியைத் தேடித் திரும்பியபோது தரையில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் இருப்பதைப் பார்த்தாள். யாரோ ஒயினைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. திட்டு வாசலிலிருந்து ஆரம்பித்துப் படியேறி வந்திருந்தது. அவள் பின்னாலேயே வந்து, அவள் நிற்கிற இடத்தில் முடிந்தது.

திட்டுகளைப் பார்த்துப் பின்னாலேயே படியேறி வந்த விடுதிக்காரம்மாதான் அலறினாள். வசந்தாமணி அலறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலும் வெந்து தோல் கழன்றிருந்தது. இடது குதிகாலில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு செருகியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்குக் கண்ணாடி தெரிந்தது, காலுக்கு விரல் தெரியவில்லை.

கிளினிக்கில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு நர்ஸ் பெண் கண்ணாடியை உருவி, தையல் போட்டு, பிறகு ஒரு ஊசியை எடுத்து விரல் விரலாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். தெரிகிறதா? இல்லை. இங்கே? இல்லை. இங்கே? கணுக்காலுக்கு வந்தபோதுதான் ஆமாம் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். "டிசம்பரிலிருந்து" என்று வசந்தாமணி சொன்னாள். அந்த உண்மையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாதவளிடம் சொல்வது ரொம்ப சுலபமாக இருந்தது.

எட்டு நாள் நடக்கக் கூடாது என்றாள் நர்ஸ். ஸ்பெயினில் பார்க்க நினைத்திருந்த செவில் போச்சு, காடிஸ் போச்சு. வசந்தாமணி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே ஒரு துண்டு மதிலைப் பார்த்துக் கிடந்தாள். விடுதிக்காரம்மா சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போவாள். நஞ்சப்பன் தினமும் கூப்பிட்டார்.

"இன்னும் அதே ஊர்லயா இருக்கறே?"

"புடிச்சிருக்குதுங்க. இங்கயே இருந்துக்கறேன்."

"நல்லா நடக்கறியா?"

"நடந்து நடந்து கொப்புளமே வந்திருச்சுங்க."

அவர் பெருமையாகச் சிரித்தார். ஒரு நாள் ஸ்வர்ணாவும் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, போட்டோஸெல்லாம் சூப்பர். நீங்க இல்லாம ஓவியா ரெண்டு கிளாஸ் மிஸ் பண்ணிட்டா. எப்ப வர்றீங்கன்னு டெய்லி கேக்கறா. உங்க கூடத்தான் போவாளாம்."

வசந்தாமணி போனை வைத்துவிட்டு, ஏப்ரலில் வந்த அந்த டிரக்கை நினைத்தாள். இனிமேல் ஓட்டுவதில்லை என்று அப்போதே முடிவு பண்ணினாள். ஸ்வர்ணாவிடம், நஞ்சப்பனிடம் எல்லோரிடமும் ஊருக்குப் போனதும் சொல்லிவிடுவது. கல்தெருவில் தன் ரத்தத்தைத் தானே அறியாமல் நடந்தவள், அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு டோல்வே என்கிற அந்த வேகச் சாலையில் போவது அக்கிரமம். இதைத் தெளிவாகத்தான் நினைத்தாள். நெஞ்சில் மட்டும் எதுவும் ஆகவில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி முடிவெடுத்த மாதிரி இருந்தது.

ஈவோராவில் எடுத்த முடிவு ஃபிரிஸ்கோவில் எத்தனை நாள் நிற்கும்? டாலஸ் ஏர்போர்ட்டில் நஞ்சப்பன் பூங்கொத்தோடு நின்றார். பிளானோவிலும் ஃபிரிஸ்கோவிலும் தெரிந்தவர்கள் எல்லோரிடமும், "எங்கூட்டுக்காரி ஒருத்தியாவே யூரோப் சுத்திப்போட்டு வந்துட்டா" என்று சொல்லியிருந்தார். கோவிலில் பார்த்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ ஆர் ஆன் இன்ஸ்பிரேஷன் ஆன்ட்டி" என்றார்கள். தையல் பிரித்தாகிவிட்டது, புதுத்தோல் வந்துவிட்டது. அடுத்த மாதம் அரிசோனா போகலாமா என்று நஞ்சப்பன் கேட்டு, "நீயே பிளான் பண்ணு மணி, ஷீட்டெல்லாம் வேண்டாம்" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கருங்கல் வேறு, பெடல் வேறு என்று தனக்குள் வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டாள். ஒரே ஒரு செவ்வாய், அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தச் செவ்வாய் நாலரைக்கு ஓவியா நாட்டியப் பையோடு வந்து பின்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கராஜ் கதவு மேலே போயிற்று. நஞ்சப்பன் மாடியில் மீட்டிங்கில் இருந்தார். வசந்தாமணி குனிந்து, கால் பிரேக்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனில் விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, வாஸ் தி ஓஷன் கோல்ட்?"

"ரொம்ப கோல்டு கண்ணு. கணுக்காலுக்கு மேல."

"வாட் அபௌட் யுவர் ஃபீட்?"

சும்மா கேட்ட கேள்வி. அதற்கு ஆயிரம் பதில் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத நர்ஸுக்குச் சொன்ன அதே சுலபத்தில் வாய் சொல்லிவிட்டது.

"கால்ல எனக்கு ஒன்னும் தெரியாது."

"லைக், யூ கான்ட் ஃபீல் தெம்?"

"ம்."

"ஈவன் நவ்?"

"இப்பவும்தான்."

"சின்ஸ் வென்?"

"டிசம்பர்."

ஓவியா முன்னால் எட்டி, சீட்டுக்குக் கீழே இருந்த பெடல்களையும் அவற்றின் மேல் இருந்த கால்களையும் பார்த்தாள். கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்பதுபோல் புருவத்தைச் சுருக்கினாள்.

"பட் யூ டிரைவ் மி" என்றாள்.

பின்னால் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஓவியா பையை எடுத்துக்கொண்டு இறங்கி, காருக்கு எட்டத்தில், குப்பைத்தொட்டி இருக்கும் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அழவில்லை. காரை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

கராஜ் கதவு திறந்த சத்தம் கேட்டும் வண்டி கிளம்பாததால் நஞ்சப்பன் கழுத்தில் ஹெட்செட்டோடு இறங்கி வந்தார். "என்ன மணி, இன்னும் கெளம்பலையா?"

"அங்கிள்," என்றாள் ஓவியா, "ஆன்ட்டி கான்ட் ஃபீல் ஹெர் ஃபீட். சின்ஸ் டிசம்பர்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. டிசம்பர், பிப்ரவரி, செவ்வாய்கள் எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர் அவளிடம் வரவில்லை. நேராகச் சுவரோரம் போய், ஓவியாவின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குந்தினார்.

"கண்ணு, உனக்கு எங்கயும் அடி கிடி படலையே? ஆன்ட்டி கூடப் போறப்ப எப்பவாச்சும்?"

ஓவியா இல்லை என்று தலையாட்டினாள்.

இத்தனை மாதமாக எதுவும் எட்டாத இடத்தில் அது போய் விழுந்தது. கழுத்திலிருந்து காது வரை வசந்தாமணிக்குக் கொதித்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி அந்த ஒரு கேள்வியை ஐந்து மாதத்தில் தான் ஒரு நாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தன் சாவி, தன் பயணம், தன் கால் என்றே இருந்திருக்கிறாள்.

"எறங்கு மணி" என்றார் நஞ்சப்பன். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அவள் இறங்கினாள். அவர் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். "இவள நான் கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்றேன். ஸ்வர்ணாகிட்ட நீதான் சொல்லோணும். நான் சொல்லமாட்டேன்."

ஓவியா காருக்குப் பக்கத்தில் வந்து, ஏறாமல் நின்றாள். "அங்கிள், கேன் யூ ஃபீல் யுவர்ஸ்?"

"ரெண்டும் நல்லாத் தெரியுது கண்ணு" என்றார் அவர். அவள் அப்புறம்தான் ஏறினாள்.

கார் தெருமுனையில் திரும்பும் வரை வசந்தாமணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போகும் படியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போயிற்று. கராஜுக்குள் வெயில் பாதி தூரம் வந்துவிட்டது. கைப்பேசியை எடுத்து ஸ்வர்ணாவின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே ஸ்வர்ணா எடுத்துவிட்டாள், பின்னால் வண்டி இரைச்சல்.

"சொல்லுங்க ஆன்ட்டி. ஓவியாவ டிராப் பண்ணியாச்சா? நான் பிக்கப்புக்குத்தான் கிளம்பி வந்துட்டிருக்கேன்."

"ஓவியா நல்லாருக்கா ஸ்வர்ணா. அங்கிள் கூட்டிட்டுப் போயிருக்காரு. நீ டோல்வேலயா இருக்கறே?"

"ஆமா ஆன்ட்டி. ஏன், என்னாச்சு?"

"முதல்ல ஒரு எக்ஸிட் எடுத்து, எங்காச்சும் ஓரமா வண்டிய நிறுத்து. நிறுத்திட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பது கேட்டது. வசந்தாமணி காத்திருந்தாள்.